நல்ல தண்ணி தின்னும் கல்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசலைத் தோண்டினால் பல இடங்களில் சுக்கான்கல் வரும். கிணறு வெட்டியவர்களுக்கு இது தெரியும். மழைத்தண்ணி மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய், வெயில் உறிஞ்சியதும் விட்டுப்போன கட்டி அது. குண்டாறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடாக் கரையில் அதே தண்ணி வேறொரு வேலை பார்க்கிறது.

பாம்பன், ராமேஸ்வரத்தில் கடல்மட்டத்துக்கு மேலே பழைய பவளப்பாறை நிற்கிறது. கடல் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்தது. பவள உயிரி கட்டுவது கால்சியம் கார்பனேட்தான். ஆனால் அரகோனைட் என்ற அடுக்குமுறையில். கடலுக்குள் இருக்கும்வரை அதற்குப் பெரிய ஆபத்தில்லை. மழை பட்டதும் கதை மாறுகிறது. மழைநீர் காற்றிலும், அதைவிட அதிகமாய் மண்ணிலும், கரியமில வாயுவை வாங்கி மெல்லிய அமிலமாகிறது. அரகோனைட் கரைகிறது, அதைவிடக் குறைவாய்க் கரையும் கால்சைட் அந்த இடத்தில் படிகிறது. பொருள் ஒன்று, அடுக்கு வேறு. பவளம் கடலிலிருந்து எடுத்துவைத்த ஸ்ட்ரான்ஷியத்துக்குப் புது அடுக்கில் இடமில்லை, பெரும்பகுதி தண்ணியோடு போய்விடும். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, துகளும் துகளும் தொடும் மூலையில் தங்கும் சொட்டு அங்கே மட்டும் பூசும். நீர்மட்டத்துக்குக் கீழே துளையின் சுற்றெல்லாம் சமமாய்ப் படியும். கல்லை மெலிதாய்ச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் பழைய நீர்மட்டத்தை வாசிக்கலாம். (பிரதி, வாசிப்பு என்று பக்கம் பக்கமாய் எழுதும் நமக்கு இந்த வாசிப்பு பழக்கமில்லை.)

நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்கும் இடம் இன்னும் விசித்திரம். இரண்டும் தனித்தனியே சுண்ணாம்பு நிறைந்து, இனிக் கரைக்கமாட்டாத நிலையில் இருக்கலாம். கலந்தால் கலவைக்குப் பசி வந்துவிடும். யாழ்ப்பாணத்தின் மயோசீன் சுண்ணாம்புக்கல்லில், நிலாவரைக் கிணற்றில், மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு.

இதெல்லாம் நமக்கெதற்கு? கடல்கொண்ட நாடு பற்றிப் பேசும் மேடைகளில் 'கல்லுக்கு வயசு பாத்தாச்சு' என்கிறார்கள். கார்பன்-14, யுரேனியம்-தோரியம் இரண்டுமே, பவளம் உயிரோடு கட்டிய அரகோனைட் அப்படியே இருந்தால்தான் செல்லும். கால்சைட்டான துண்டில், பவளம் செத்துப் பலகாலம் கழித்து வந்த தண்ணியின் கார்பனும் கலந்திருக்கிறது. எக்ஸ்ரே சோதனையில் அரகோனைட் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் சொல்லும் வயதை நான் ஏற்கமாட்டேன். இனத்துரோகி என்பார்கள். சொல்லட்டும்.

அந்தப் பவளத்தையும் வெட்டிக் காளவாய்க்கும் ஆலைக்கும் ஏற்றினோம். 1986இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 2001இல்தான் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று தண்ணிக்கடியில் இருக்கின்றன.