கூடம் யாருக்காக?

விருந்தினர் ஆண்டில் சில நாள் வந்து, சில நாழிகை இருந்து போவர். தறியில் அமர்ந்து உழைப்போரும், நோயுற்றுப் படுப்போரும், முதுமை எய்தியோரும் நாள் முழுவதும் வீட்டிலேயே இருப்பர். ஆயினும் பழைய ஓட்டு வீட்டை இடித்துப் புதிது கட்டும் நம்மவருள் பலர், கூடத்தை விருந்தினருக்காகவே அமைத்துவிடுகின்றனர். கடன்பட்டு வாங்கிய சோபா கூடத்தின் நடுவில் இடம்பெறுகிறது. தறி இருண்ட பின்கட்டிற்கும், பாட்டியின் கட்டில் காற்றில்லாத மூலைக்கும், பிள்ளைகளின் புத்தகம் அடுக்களைத் தரைக்கும் போய்விடுகின்றன. இவ்வரிசையை மாற்ற வேண்டும் என்பதே நம் கருத்து.

முன்னோர் கண்ட வழி

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் பட்டகசாலை ஒன்றே பல காரியங்களுக்கு உதவிற்று. நெல் நிறைந்த பத்தாயத்தின் மேல் பாய் விரித்துப் படுப்பர்; களஞ்சியமே கட்டிலும் ஆயிற்று. குழித்தறி தரையோடு ஒட்டி அமைந்ததற்கும் காரணம் உண்டு. மண்ணின் ஈரம் பஞ்சு நூல் வறண்டு அறுந்துபோகாமல் காத்தது. தக்கலைக்கு அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டோர், அதன் மரச் சட்ட ஜன்னல்களை நினைவுகூர்வர். காற்று அவற்றின் வழியே தாராளமாக நுழையும்; கண்ணைக் கூசச் செய்யும் வெயில் நுழையாது. அரண்மனைக்குரிய வேலைப்பாடு நமக்கு வேண்டுவதில்லை. அதிலுள்ள அறிவு வேண்டும்.

வெயிலும் மழையும்

வடசேரி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் உள்ளது. ஆகவே சித்திரை முதல் ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். வடக்கு, தெற்கு ஆகிய இரு பக்கமும் இறவாரம் வேண்டும் என்பது இதனால் விளங்கும். தெற்கு ஜன்னலின் மேல்விளிம்பை ஒட்டி 2½ அடி நீட்டிய இறவாரம், மார்கழி உச்சிவெயிலிலும் 4 அடி உயர ஜன்னலை நிழலில் வைக்கும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையையும் பெறும் நம் மாவட்டத்தில், சுவரைக் காப்பதும் அதுவே.

மேற்கு வெயிலோ தாழ்ந்து வருவது. அதை இறவாரம் தடுக்காது. அப்பக்கத்தில் மாடிப்படியையோ பண்டகசாலை அறையையோ அமைப்பது நலம். காற்று நுழையும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அது வெளியேற வழி இருத்தல் வேண்டும்.

கான்கிரீட் தளம் பகல் வெப்பத்தை ஏற்று இரவில் வீட்டினுள் இறக்கும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), தளத்தின் அடிப்பகுதியில் மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கட்டும் முறையைப் பரப்பினார். இதனால் கான்கிரீட்டின் அளவு குறைகிறது. இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது. கம்பி கட்டும் கணக்கை மட்டும் பொறியாளரிடம் கேட்டே செய்தல் வேண்டும்.

அளந்து வரைதல்

கொத்தனாரை அழைக்குமுன் ஒரு நாள் முழுவதும் கவனித்து, வீட்டில் யார், எப்போது, எங்கே, என்ன செய்கின்றனர் என்பதை எழுதுக. பின்னர் 2 அடிக்கு 1 அங்குலம் எனக் கூடத்தைக் காகிதத்தில் வரைக. 16 அடிக்கு 12 அடிக் கூடம், 8 அங்குலத்திற்கு 6 அங்குலமாக அமையும். தறி, கட்டில், பெஞ்சு ஆகியவற்றை அதே கணக்கில் அட்டையில் வெட்டி, படத்தின் மேல் நகர்த்திப் பார்க்கலாம்.

அப்போது வாசற்படிகளின் அருமை புலப்படும். இரு வாசல்களும் எதிரெதிர் மூலைகளில் இருந்தால், நடைவழி கூடத்தைக் குறுக்கே அறுத்துச் செல்லும். இரண்டையும் நீளச்சுவர் ஒன்றின் ஓரமாக, நேருக்கு நேர் அமைத்தால், 3 அடி நடைவழி போக 16 அடிக்கு 9 அடி இடம் பிளவுபடாமல் கிடைக்கும். முதியோரின் சக்கர நாற்காலிக்கும் அவ்வழி போதும். காகிதத்தில் வாசலை மாற்றச் செலவில்லை. சுவர் எழும்பியபின் மாற்றுவது பெருஞ்செலவு.

தறிக்கு ஒளி பக்கவாட்டில் வருதல் வேண்டும். குழித்தறியில் நெய்வோர் தரைமட்டத்தில் அமர்வதால், வழக்கமான 3 அடி அடிச்சுவர் துணியின் மேலேயே நிழல் வீழ்த்தும். தறியருகே ஜன்னலைத் தாழ்த்தி, கதவை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தமைத்தால், காற்று பாவைக் கலைக்கும் வேளையில் கீழ்க்கதவை மட்டும் சாத்திக்கொள்ளலாம்.

தாழ்ந்த சோபாவிலிருந்து முதியோர் எழுவது கடினம். 17 அங்குல உயரத்தில், மூடி போட்ட பெட்டியாக ஒரு பெஞ்சு செய்தால் பகலில் இருக்கை, இரவில் படுக்கை, உள்ளே நூலும் துணியும் வைக்க இடம். பத்தாயத்தின் வழி இதுவே. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கத்திலிருந்து ஒளி விழட்டும். தொலைக்காட்சிப் பெட்டியை ஜன்னலுக்கு எதிரே வைத்தால் திரையில் வெளிச்சமே தெரியும்.

பயிர்த்தொழில் செய்வோர் வாழைக்குலையும் தேங்காயும் இறக்கத் திண்ணையை ஒதுக்குக. பூச்சி மருந்தும் தெளிப்பானும் எக்காரணத்தாலும் கூடத்தினுள் வரலாகாது. வெளியே பூட்டிய இடம் வேண்டும்.

திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் நம் தறித்துணி இருக்கிறது. அங்கத்தினர் அவற்றைக் கடையில் வேறு துணியாக வாங்குவது முறையன்று.

வீடு கட்டப் புகும் அன்பர்கள், வீட்டின் மூத்தவரிடமும் தறியில் அமர்பவரிடமும், “உங்களுக்கு எங்கே வெளிச்சம் வேண்டும், எங்கே காற்று வேண்டும்?” என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடங்களைக் குறித்தபின் மிஞ்சும் இடத்தில் விருந்தினருக்கு நாற்காலி போடுங்கள். வந்தவர் குறையொன்றும் காணமாட்டார்.