மயக்கம் தெளிந்த பின்

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, பாஸ்டன் நகரத்து மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியை முகரச் செய்து, கழுத்திலிருந்த கட்டியை நோயாளி அலறாமலே அறுத்தெடுக்க வழி செய்த நாள் தொட்டு, சத்திர சிகிச்சையின் கொடிய வேதனை மனித குலத்தைவிட்டு விலகலாயிற்று. ஆயினும் மயக்கம் தெளியுந் தறுவாயில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும் குமட்டலும் வாந்தியும் இன்றளவும் விலகவில்லை; தடுப்பு மருந்து கொடாவிடில் 100 பேரில் சுமார் 30 பேர் இவற்றால் அவதியுறுகிறார்கள்.

இது அற்ப உபாதை, தானே அடங்கிவிடும் என்று ஒதுக்குவோர், தையலிட்ட வயிறு ஒவ்வோர் ஓங்கரிப்புக்கும் இழுபடுகையில் நோயாளி படும் பாட்டைச் சற்றே அருகிலிருந்து பார்க்க வேண்டும். 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், எது நேரவே கூடாதென்று விரும்புகிறீர்கள் எனக் கேட்டபோது, வலியையுங்கூடப் பின்தள்ளி, வாந்தியையே நோயாளிகள் முதலாவதாகக் குறித்தார்கள்.

இந்த வாந்தி பிறக்கும் விதம் இது: மூளைத் தண்டில், இரத்தத்திலுள்ள விஷப் பொருள்களை மோப்பம் பிடிப்பதற்கென்றே அமைந்தாற் போன்ற ஒரு சிறு பகுதி உண்டு. மற்ற இடங்களில் மூளையைக் காத்து நிற்கும் தடுப்பு அங்கே தளர்ந்திருப்பதால், சுவாசிக்கும் மயக்க ஆவிகளும், வலி தணிக்கத் தரும் அபின் இன மருந்துகளும் அதனை எளிதில் தூண்டி வாந்தியை எழுப்புகின்றன. குடற்சுவரில் சுரக்கும் செரோட்டோனின் மற்றொரு மார்க்கமாக நரம்பு வழியே வாந்திக்கான செய்தியை மூளைக்கு அனுப்புகிறது.

யாருக்கு இது வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம் என்பதே இத்துறையில் நான் பெரிதும் போற்றும் முன்னேற்றம். ஜெர்மானிய மருத்துவர் ஆப்ஃபெல் முதலியோர் 1999-இல் வகுத்த கணிப்பில் நான்கே கேள்விகள்: பெண்ணா, புகை பிடிக்காதவரா, முன்பு இவ்வாறு வாந்தியெடுத்தவரா அல்லது பிரயாணத்தில் குமட்டல் வருபவரா, சிகிச்சைக்குப் பின் அபின் இன மருந்து தேவைப்படுமா? ஒன்றும் இல்லாதவருக்கு வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 10. நான்கும் உள்ளவருக்கோ ஏறக்குறைய 80. மலைப்பாதையில் பேருந்தேறினால் தலைசுற்றும் என்பதை, இதையெல்லாம் போய்ச் சொல்வதா என்று கூசாமல், மயக்க மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

2004-இல் வெளியான, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற ஒரு பரிசோதனை, ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், டிராபெரிடால் ஆகிய மூன்று தடுப்பு மருந்துகளில் எதைக் கொடுத்தாலும் அபாயம் கால் பங்களவு குறைகிறதென்றும், ஆவிக்குப் பதிலாகப் புரோபோஃபால் என்னும் ஊசி மருந்தால் மயக்கத்தை நீடிக்கச் செய்தால் ஐந்தில் ஒரு பங்களவு குறைகிறதென்றும் காட்டிற்று. 80 என்றிருந்த அபாயம் முதல் மருந்தால் 59 ஆகும், இரண்டாவதால் 44 ஆகும். 10 என்றிருந்தவருக்கோ முதல் மருந்தின் லாபமே இரண்டு மூன்றுக்கு மேலில்லை. ஆதலின் எல்லோருக்கும் எல்லாவற்றையும் வாரி வழங்காமல், அபாயம் மிகுந்தவர்க்கே பல மருந்துகளைச் சேர்த்தளிப்பது விவேகம். டெக்ஸாமெத்தசோன் மெள்ள வேலை செய்வதால் மயக்கம் கொடுக்கும்போதும், ஒண்டான்செட்ரான் சிகிச்சை முடியுந் தறுவாயிலும் செலுத்தப்படுகின்றன.

இத்தனைக்குப் பின்னும் வாந்தி வருமாயின், கொடுத்த மருந்தையே ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி கொடுப்பதில் பயனில்லை. வேறு வழியில் செயற்படும் மருந்தொன்றைத் தேர்வதோடு, இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறதா, தொண்டையில் சிகிச்சை பெற்றவர் இரத்தத்தை விழுங்கியிருக்கிறாரா என்பதையும் ஆராய வேண்டும்.