வெந்நீருக்கு முன் ஜன்னலைத் திறங்கள்!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலைப் பாதையில் வண்டிகள் வரிசை கட்டும். தாப்பா வழியாக வளைந்து வளைந்து ஏறி தானா ராத்தாவைச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். கோலாலம்பூர் வெக்கையில் பழகியவர்களுக்கு அங்கே இரவில் இறங்கும் 15, 16 டிகிரியே பெரிய குளிர். போன இடம் தேயிலைத் தோட்டத்துத் தாத்தா வீடோ, வாடகைக்கு எடுத்த ஹோம்ஸ்தேயோ, உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “சுடுதண்ணி வருதா?”

இங்கிலாந்து போன்ற நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்க கேஸ் பாய்லர் வைத்திருப்பார்கள். நமக்கு அந்த அளவு தேவையில்லை. குளிக்க வெந்நீர் கிடைத்தால் போதும். அதற்கு மின்சார ஹீட்டரும் உண்டு, சமையல் எரிவாயுத் தோம்பில் ஓடும் கேஸ் வாட்டர் ஹீட்டரும் உண்டு. கேஸ் ஹீட்டரில் தண்ணீர் தாராளமாக, நிற்காமல் சூடாக வரும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. சுவரில் மாட்டிய அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஓர் அடுப்பு. அதுவும் சமையலறை அடுப்பைவிடப் பல மடங்கு பெரிய தீ.

ஆபத்து இரண்டு

முதல் ஆபத்து நமக்குத் தெரிந்தது, கேஸ் கசிவு. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் வாசமில்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய நாற்றம் தரும் ஒரு பொருளைக் கலக்கிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தேங்கும்.

இரண்டாவதுதான் கள்ளன். தீ எரியக் காற்று வேண்டும். ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று தேவை. மூடிய அறையில் அது கிடைக்காதபோது தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. மூச்சோடு உள்ளே போனால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும்.

லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் 1868இல் கேஸில் தண்ணீர் சூடாக்கும் கருவியை உருவாக்கி, அதற்கு ‘கீசர்’ என்று பெயர் வைத்தார். அதில் புகை வெளியேறக் குழாய் கிடையாது. அந்தக் குறை இன்னும் தீரவில்லை. சிறிய குளியலறைக்குள் கேஸ் ஹீட்டரை மாட்டி, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு குளித்தவர்கள் மயங்கிக் கிடப்பதும், வலிப்பு வந்து விழுவதும், இறந்துபோவதும் இந்தியாவில் அடிக்கடி நடந்ததால், அங்குள்ள மருத்துவ இதழ்கள் இதற்கு ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்றே பெயர் வைத்துவிட்டன. சிலருக்குக் காக்காய் வலிப்பு என்று நினைத்து வைத்தியம் நடந்ததும் உண்டு.

சமவெளியில் நம் வீடுகளில் காற்று தாராளமாகப் புழங்கும். மலையில் அப்படியில்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம், காற்றுத் துவாரத்தில் துணியைத் திணிக்கிறோம். வெந்நீர் அதிகம் வேண்டிய அதே இரவில்தான் வீட்டையும் இறுக்கி மூடுகிறோம்.

பூட்டிக் கிடந்த வீட்டில் ஹீட்டரைப் போடும் முன்

1. முதலில் ஜன்னல். ஹீட்டர் இருக்கும் இடத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகைக்குழாய் கழன்றிருக்கிறதா, அதன் வெளிவாயில் குளவியோ பறவையோ கூடு கட்டியிருக்கிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். அடைப்பு இருந்தால் ஹீட்டரைத் தொடாதீர்கள்.

2. அடுத்து மூக்கு. ஹீட்டரின் அருகிலும் தோம்பின் அருகிலும் குனிந்து தரையோரம் முகர்ந்து பாருங்கள். வாசம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. காற்றாடியும் வேண்டாம். கைக்கு எட்டினால் தோம்பை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியேறுங்கள். தள்ளிப் போன பிறகே 999ஐ அழையுங்கள்.

3. தோம்பு வீட்டுக்கு வெளியே, நிமிர்ந்து நிற்க வேண்டும். ரப்பர் குழாயில் வெடிப்போ எலிக் கடியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். ரெகுலேட்டர் குறைந்த அழுத்தம் தருவதாக இருக்கட்டும். கடைகளில் பெரிய அடுப்புக்குப் போடும் உயர் அழுத்த ரெகுலேட்டர் இதற்கு ஆகாது.

4. கேஸைத் திறக்கும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து, உள்ளே அடைந்த காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். பேட்டரியில் ஓடும் ஹீட்டர் என்றால் பழையதை எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி கசிந்திருக்கும்.

5. இப்போது தோம்பைத் திறந்து, இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. உடனே மூடிவிடுங்கள். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

6. கடைசியில் வெந்நீர்க் குழாயைத் திறங்கள். டிக் டிக் என்ற சத்தத்தோடு தீ பிடிக்க வேண்டும். சில விநாடிகளில் பிடிக்காவிட்டால் குழாயை மூடி, சில நிமிடம் காற்றாட விட்டு மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் முயலாதீர்கள். தேங்கிய கேஸ் ‘டப்’ என்று ஒரேயடியாகப் பற்றும்.

தீயின் நிறத்தையும் பாருங்கள். நீலமாக, அடங்கி எரிந்தால் நல்லது. மஞ்சளாக ஆடினாலோ, பெட்டியின் மேல் கரி படிந்திருந்தாலோ அணைத்துவிட்டு, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். நீலத் தீயாக இருந்தாலும் ஜன்னலை மூடிவிடாதீர்கள். மூடிய அறையில் காற்று குறையக் குறைய நல்ல தீயும் கெட்டுப்போகும்.

தலைவலி வந்தால்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல். கார்பன் மோனாக்சைடு இப்படித்தான் ஆரம்பிக்கும். மலைப் பாதை வளைவில் வந்த மயக்கம் என்றோ, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்துப் படுத்துவிடுவோம். அங்கேதான் உயிர் போகிறது. காய்ச்சல் இல்லாமல் வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், வெளியே போனதும் தெளிந்தால், ஹீட்டரைச் சந்தேகியுங்கள்.

உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். யாராவது மயங்கியிருந்தால் 999ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தானா ராத்தாவிலேயே சுல்தானா ஹாஜா கால்சோம் மருத்துவமனை இருக்கிறது. கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இங்கே நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் போலவே காட்டும்.

மலையில் வீடு இருப்பவர்கள் ஹீட்டரைக் குளியலறைக்குள் மாட்டாமல் காற்றோட்டமான வெளிச்சுவரில் மாட்டுவது நல்லது. அதோடு ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வாங்கி வையுங்கள். சாதாரணப் புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. ஹோம்ஸ்தே எடுப்பவர்கள் முன்பதிவு செய்யும்போதே “ஹீட்டர் கேஸா, கரண்டா? எங்கே மாட்டியிருக்கிறது?” என்று கேளுங்கள். அறைக்குள் கரியடுப்பு வைத்துக் குளிர்காய்வதும் இதே ஆபத்துதான். மலையில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டியிடம் இன்றைக்கே போன் போட்டு, காற்றுத் துவாரத்தில் துணி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். குளிருக்கு இன்னொரு போர்வை போர்த்திக்கொள்ளலாம்.