ஏரி பச்சையானது, பதில் சொல்ல அமைச்சர் இல்லை

2023 கோடையில் வட அயர்லாந்தின் லாக் நே ஏரி பச்சையாகிவிட்டது. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்ததுபோல் நீலப்பச்சைப் பாசி தண்ணீரை மூடியது. அங்குள்ள மக்கள் குடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த ஒரே ஏரியிலிருந்துதான் வருகிறது. வேறு எந்தக் கோடையாக இருந்தாலும் சட்டமன்றத்தில் யாராவது எழுந்து சுற்றுச்சூழல் அமைச்சரைக் கேள்வி கேட்டிருப்பார்கள். அந்தக் கோடையில் அங்கே அமைச்சர் என்று ஒருவரும் இல்லை, அவையும் கூடவில்லை.

அந்த அவைக்கு அதிகாரம் வந்த கதை இது. 1998இல் கையெழுத்தான புனித வெள்ளி சமாதான உடன்படிக்கையின்படி, 1999 டிசம்பரில் லண்டனிலிருந்து சில அதிகாரங்கள் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டுக்கு வந்தன. மருத்துவமனை, பள்ளி, சாலை, குடிநீர், விவசாயம், சுற்றுச்சூழல் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. காவல்துறையும் நீதித்துறையும் 2010இல் சேர்ந்தன. ராணுவம், வெளியுறவு, குடியேற்றம், பெரும்பாலான வரிகள் லண்டனிடமே உள்ளன. ஆக, மக்கள் தினமும் கைநீட்டிப் பெறும் சேவைகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஸ்டோர்மாண்ட் குன்றின் மேல் சட்டமன்றம் இருக்கும் வெள்ளைக் கட்டடத்தில்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

கணக்குக் கேட்கிறவர்கள் 90 உறுப்பினர்கள். 18 தொகுதிகள், தொகுதிக்கு ஐந்து பேர். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஒரு முதியவருக்குத் தட்டுவதற்கு ஐந்து கதவுகள் உண்டு. ஒருவர் கைவிட்டால் இன்னொருவரிடம் போகலாம்.

திங்கள், செவ்வாய் பிற்பகல் 2 மணிக்குக் கேள்வி நேரம். அமைச்சர்கள் முறைவைத்து வருகிறார்கள், ஒருவருக்கு 45 நிமிடம். முதல் அரைமணி முன்கூட்டியே கொடுத்த கேள்விகளுக்கு. யாருடைய கேள்வி வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. கடைசி 15 நிமிடத்தில் என்ன கேட்கப்போகிறார்கள் என்பது அமைச்சருக்கு முன்பே தெரியாது. அரைமணிப் பகுதியிலும் உயிரானது துணைக் கேள்விதான். முதல் பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அமைச்சர் வாசித்துவிடலாம். துணைக் கேள்வி வந்ததும் தாளைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. தன் துறையை உண்மையில் அறிந்தவர் யார் என்று அப்போது தெரிந்துவிடும்.

ஆனால் தொலைக்காட்சியில் தெரியும் இந்த நேரத்தைவிட, எழுத்துக் கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, பத்து வேலைநாளில் பதில் வர வேண்டும். அவசரம் என்று குறித்தால் ஐந்து. பதில் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகிறது. ‘காத்திருப்பைக் குறைக்க அமைச்சர் என்ன செய்யப்போகிறார்?’ என்று கேட்டால் ஒரு பக்க நல்லெண்ணம் கிடைக்கும். ‘இந்த மருத்துவமனையில் ஓராண்டுக்கு மேல் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்?’ என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கும். அதே கேள்வியை ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு வித்தை. லாக் நே ஏரிக்குள் சேர்ந்து பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸில் பெரும்பங்கு பண்ணைகளிலிருந்து வருகிறது, அது விவசாய-சுற்றுச்சூழல் துறை. அடுத்த பங்கு கழிவுநீரிலிருந்து, அது உள்கட்டமைப்புத் துறை. ஏரியின் அடித்தரையோ ஷாஃப்ட்ஸ்பரி பிரபு குடும்பத்தின் தனிச்சொத்து. துறை மாற்றிக் கேட்டால் ‘இது என் பொறுப்பல்ல’ என்று அமைச்சர் நியாயமாகவே உட்கார்ந்துவிடுவார்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் அவை கண் அயர்ந்ததுண்டு. 2012இல் மரத்துண்டுகளை எரித்து வெப்பம் பெறும் கொதிகலன்களுக்கு மானியம் தரும் விதிகள் அவைக்கு வந்தன, நிறைவேறின. எரிபொருளுக்கு ஆகும் செலவைவிட மானியம் அதிகம். எவ்வளவு எரித்தாலும் அந்த விகிதம் இறங்காது. பிரிட்டனின் இதே போன்ற திட்டத்தில் இருந்த வரம்பு இங்கே விடுபட்டிருந்தது. எரிக்க எரிக்கப் பணம். 20 ஆண்டுகளில் 49 கோடி பவுண்டு வரை கூடுதல் செலவாகலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அப்போது இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான துறையின் அமைச்சராக இருந்த ஆர்லீன் ஃபாஸ்டர், அந்த விதிகளைத் தான் படிக்கவில்லை என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார். 2016இல் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் பொதுக் கணக்குக் குழுவும்தான் விஷயத்தைத் தோண்டி எடுத்தன. நான்கு ஆண்டுகள் தாமதம்.

இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணத்தை ஆட்சியின் அமைப்பிலேயே நான் பார்க்கிறேன். பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்று பகைமை மூண்டிருந்த இரு சமூகங்களும் சேர்ந்து ஆள வேண்டும் என்பதற்காக, பெரிய கட்சிகள் எல்லாமே தம் இடங்களுக்கேற்ப அமைச்சரவையில் அமர்கின்றன. சமாதானத்துக்கு அது தேவைப்பட்டது. ஆனால் எல்லோரும் ஆளும் தரப்பில் இருந்தால் எதிரே உட்கார்ந்து கேட்பது யார்? எதிர்க்கட்சிக்குச் சட்டபூர்வமான இடமும் வசதியும் 2016இல்தான் கிடைத்தன. ஓராண்டுக்குள் அரசே கவிழ்ந்தது. கொதிகலன் விவகாரம் கையாளப்பட்ட விதத்தை எதிர்த்துத் துணை முதல்வர் மார்ட்டின் மெக்கின்னஸ் 2017 ஜனவரியில் பதவி விலகினார். முதல்வரும் துணை முதல்வரும் ஒரே அதிகாரத்தின் இரு பாதிகள்; ஒருவர் போனால் மற்றவரும் இருக்க முடியாது.

மூன்று ஆண்டுகள் நாற்காலிகள் காலியாக இருந்தன. அதிகாரிகள் நிர்வாகத்தை ஓட்டினார்கள். குப்பை எரிக்கும் ஆலை ஒன்றுக்கு ஒரு துறைச் செயலர் அனுமதி தந்தபோது, அமைச்சர் இல்லாமல் அப்படி முடிவெடுக்க முடியாது என்று 2018இல் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 2019 டிசம்பரில் ராயல் செவிலியர் கல்லூரி என்னும் சங்கம், தன் 103 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாக வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஊதியத்திலும் ஆள் பற்றாக்குறையிலும் முடிவெடுக்க ஸ்டோர்மாண்டில் யாரும் இல்லை. 2020 ஜனவரியில் அவை திரும்பியது. 2022 பிப்ரவரியில் முதல்வர் பால் கிவன் விலக, மறுபடி அரசு உடைந்தது. இந்த இரண்டாவது இடைவெளியில்தான் ஏரி பச்சையானது.

மழுப்பலான பதிலைக்கூட நாளை எடுத்துக் காட்டிக் கேட்கலாம். பதில் சொல்லும் ஆளே இல்லாத இடத்தில் செவிலியரும் நோயாளியும் ஏரிக்கரை மீனவரும் தெருவையோ நீதிமன்றத்தையோதான் நாட வேண்டியிருந்தது. 2024 ஜனவரி 18 அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசுத்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அடுத்த மாதம் 3ஆம் தேதி அவை கூடியது. நான்கு கட்சிகள் ஆட்சியில் அமர, சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி எதிரே உட்கார்ந்தது. ஜூலையில் லாக் நே ஏரிக்காக 37 அம்சத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2024 கோடையிலும் 2025 கோடையிலும் பாசி திரும்பவும் வந்தது. அந்த 37இல் எது முடிந்தது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று இப்போது ஓர் உறுப்பினர் எழுதிக் கேட்டால், பத்து வேலைநாளில் ஓர் அமைச்சர் தன் பெயரில் பதில் தந்தாக வேண்டும்.