குறுக்கெழுத்துப் புதிரில் ஓர் அறிவியல் பாடம்

'தாறுமாறான நகரம் பாவிகள் சேருமிடம் (4)'

நாளிதழின் ஒரு மூலையில் இப்படி ஒரு வரியைக் கண்டால் என்ன நினைப்பீர்கள்? நகர வாழ்வின் நெரிசலைக் கண்டு யாரோ அலுத்துக்கொள்கிறார் என்றுதான் தோன்றும். உண்மையில் இது ஒரு கணக்கு. இதற்கு விடை ஒன்றே ஒன்று. அந்த விடை சரிதானா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சரிபார்க்கும் வழியும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இத்தகைய குறிப்புகளைக் கொண்ட குறுக்கெழுத்தை ஆங்கிலத்தில் 'கிரிப்டிக்' என்பர். நாம் மறைபொருள் குறுக்கெழுத்து எனலாம். எங்கள் அன்னவாசல் பக்கத்து மாணவர்கள் ஆங்கில நாளிதழில் இதைப் பார்த்தால், "இது ஆங்கிலத்தில் கரை கண்டவர்களுக்கு உரியது" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இதற்கு மொழிப் புலமை உதவும். ஆனால் அதைவிட முறை தெரிந்திருப்பது முக்கியம். முறையை நம் தாய்மொழியிலேயே கற்றுக்கொள்ளலாம். வாருங்கள், பார்ப்போம்.

பிறந்த கதை

முதல் குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' என்ற நாளிதழில் வெளிவந்தது. அமைத்தவர் ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர். அதில் குறிப்புகள் நேரானவை. 'பாவிகள் சேருமிடம்' என்று கேட்டால் 'நரகம்' என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இந்த விளையாட்டு வேறு உருவம் எடுத்தது. 'டார்க்குமாடா' என்ற புனைபெயரில் எட்வர்டு போவிஸ் மேதர்ஸ் 1926 முதல் 'தி அப்சர்வர்' இதழில் மறைபொருள் குறிப்புகளாலேயே புதிர்களை அமைத்தார். நம் நாட்டில் 'தி இந்து' நாளிதழுக்கு இத்தகைய புதிர்களை அமைத்தவர்களுள் ஒருவர் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. 1958இல் நம் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

புதிதாகத் தொடங்குவோரை மனத்தில் கொண்டு லண்டன் 'தி டைம்ஸ்' 2014இல் எளிய மறைபொருள் புதிர் ஒன்றை வெளியிடத் தொடங்கியது. 'தி கார்டியன்' 2024இல் தொடங்கிய எளிய புதிரில், எந்தெந்த வகைக் குறிப்புகள் வருகின்றன என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள். வகை தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியதுபோலத்தான்.

குறிப்பை அறுத்துப் பார்ப்போம்

நல்ல மறைபொருள் குறிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விடையின் நேர்ப்பொருள். இது பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்தில் அல்லது முடிவில் நிற்கும். மற்றொன்று, எழுத்துகளைக் கொண்டு விடையைக் கட்டும் வழி. முதலில் கண்ட குறிப்பில் 'பாவிகள் சேருமிடம்' என்பது பொருள். 'நகரம்' என்ற சொல்லின் எழுத்துகளைத் 'தாறுமாறாக' மாற்று என்பது வழி. ந-க-ர-ம் என்பதை மாற்றி அடுக்கினால் ந-ர-க-ம். அடைப்புக்குள் உள்ள 4, கட்டங்களின் எண்ணிக்கை. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி மற்ற வகைகள்.

ஒளிந்திருத்தல்: 'படகு திரைக்குள் மறைத்துச் சென்ற விலங்கு (3)'. கடலையும் அலையையும் மறந்துவிடுங்கள். 'படகு திரை' என்ற எழுத்துகளை மட்டும் பாருங்கள். ப-ட-கு-தி-ரை. உள்ளே குதிரை நிற்கிறதல்லவா?

இருபொருள்: 'சூடு தணி, ஓடும் நீரே (2)'. 'சூடு தணி' என்றாலும் ஆறு. 'ஓடும் நீர்' என்றாலும் ஆறு. இங்கே இரண்டு பொருள்களும் ஒன்றை ஒன்று சரிபார்க்கின்றன.

சேர்த்தல்: 'ஒரு விதையிலிருந்து முளைத்த பாட்டு (3)'. தமிழ் எண்களில் 1-இன் வடிவம் 'க' என்ற எழுத்தைப் போன்றது. க + விதை = கவிதை. 

உள்ளடக்கல்: 'கல்லுக்குள் பத்து மீன் (3)'. தமிழ் எண்களில் பத்தைக் குறிக்கும் வடிவம் 'ய' போன்றது. 'கல்' என்ற சொல்லின் நடுவே 'ய' வைத்தால் கயல் என்ற மீன் கிடைக்கும்.

நீக்கல்: இது பெரும்பாலும் மற்றொரு வகையுடன் கலந்து வரும். 'வாலிழந்த பறவை வீட்டு முகப்பை அடைந்தது, ஓவியக் குகைக்கு அருகிலுள்ள ஊரில் (6)'. அன்னம் தன் கடைசி எழுத்தை இழந்தால் 'அன்ன'. வீட்டு முகப்பு 'வாசல்'. சேர்த்தால் அன்னவாசல். சித்தன்னவாசல் சமணக் குகை ஓவியங்கள் இவ்வூருக்கு அருகில்தான் உள்ளன. இந்தப் பிரிப்பு புதிருக்காக மட்டுமே; ஊர்ப்பெயர் பிறந்த வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் வீட்டுச் சொத்து

இவற்றைப் படித்தபோது தமிழாசிரியர் வகுப்பு நினைவுக்கு வந்ததா? வந்தால் வியப்பில்லை. சுமார் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் சித்திரகவி வகைகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று அக்கரச்சுதகம். ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க, வேறு வேறு பொருள் தோன்றுவது இது. இதே போக்கில் தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தை நீக்கினால் 'மரை' என்ற மான். இடை எழுத்தை நீக்கினால் 'தாரை'. எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். பல வினாக்களின் விடைகளைச் சேர்த்தால் ஒரு சொல் அமைவது வினாவுத்தரம். ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுள் மறைந்திருப்பது கரந்துறைச் செய்யுள். நீக்கல், சேர்த்தல், ஒளித்தல் என நாம் மேலே கண்ட உத்திகள் அனைத்தும் இவற்றின் உறவினர்களே. இருபொருள் குறிப்போ காளமேகப் புலவர் பெயரெடுத்த சிலேடையின் தங்கை.

ஊகமா, திறமையா?

குறுக்கெழுத்து என்றாலே அறிவு விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. 1950களில் நம் நாட்டில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் மிகுந்திருந்தன. மக்கள் கட்டணம் செலுத்தி விடைகளை அனுப்பினார்கள். அத்தகைய போட்டிகளில் எப்படிப்பட்ட குறிப்பு வரும் என்பதற்கு நாமே ஓர் எடுத்துக்காட்டு அமைப்போம்: 'வீட்டில் இது மிகுந்தால் அமைதி கெடும்: _சை'. ஆசையா, ஓசையா? இரண்டும் பொருந்தும். எது 'சரி' என்பதைப் போட்டி நடத்துபவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார்.

இப்படிப்பட்ட குறிப்புகள் பத்து இருந்தால் என்ன ஆகும்? 2-ஐப் பத்து முறை பெருக்குங்கள், 1,024 வருகிறது. எவ்வளவு சிந்தித்தாலும் முழுதும் சரியாக வருவதற்கான வாய்ப்பு 1,024இல் ஒன்றுதான். வாய்ப்பைக் கூட்ட ஒரே வழி, மேலும் மேலும் கட்டணம் செலுத்தி மேலும் மேலும் விடைத்தாள்களை அனுப்புவது! இதற்கும் சூதாட்டத்துக்கும் என்ன வேறுபாடு?

இந்தக் கேள்வி நாடாளுமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேற்படும் போட்டிகளைத் தடை செய்தது. 1957இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்துக்கு விளக்கம் தந்தது. சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளையே அது குறிக்கிறது. வெற்றி பெருமளவு திறமையைப் பொறுத்துள்ள போட்டிகளைக் குறிக்காது என்பது தீர்ப்பு.

ஆக, கட்டங்கள் ஒன்றுபோலவே இருந்தாலும் குறிப்பின் தன்மையே சூதையும் அறிவையும் பிரிக்கிறது. 'ஆசை' என்று எழுதியவரால் தம் விடையை நிறுவ முடியாது. 'நரகம்' என்று எழுதியவரால் முடியும். 'சிமெனஸ்' என்ற புனைபெயர் கொண்ட டி. எஸ். மக்நட் 1966இல் வெளியிட்ட நூலில் நேர்மையான குறிப்புக்கு இலக்கணம் வகுத்தார். சரியான பொருள் வேண்டும். முறையான வழி வேண்டும். இவ்விரண்டும் தவிர வேறெதுவும் கூடாது என்பது அதன் சாரம்.

இரண்டு வழிகள், ஒரே விடை

இனி என் பாடமான இயற்பியலுக்கு வருகிறேன். ஆர்தர் வின் தம் புதிரை வெளியிட்ட அதே 1913இல், பிரெஞ்சு இயற்பியலார் ழான் பெரன் அணுக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அணு என ஒன்று உண்மையிலேயே உண்டா என்று பெரிய அறிஞர்களே ஐயுற்றிருந்த காலத்தை அடுத்து வந்த நூல் அது. பெரன் என்ன செய்தார் தெரியுமா? நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவு, வானத்தின் நீல நிறம், கதிரியக்கம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துக்கும் மேற்பட்ட வழிகளில் அவகாட்ரோ எண்ணைக் கணக்கிட்டுக் காட்டினார். எல்லா வழிகளும் ஏறத்தாழ ஒரே எண்ணையே தந்தன. 6-ஐ எழுதி 23 சுழிகளை இட்டால் வரும் எண்ணை ஒட்டிய மதிப்பு அது. தொடர்பில்லாத வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் அது தற்செயலாக இருக்க முடியாது. 1926இல் பெரனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மறைபொருள் குறிப்பிலும் இதே தர்க்கம்தான். 'பாட்டு' என்ற பொருளுக்கு 20 சொற்கள் பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். எழுத்து வழிக்குத் தற்செயலாகப் பொருந்துவது ஆயிரம் சொற்களில் ஒன்று எனக் கொள்வோம். அப்படியானால் தவறான சொல் இரண்டு சோதனைகளிலும் தேறிவிடும் வாய்ப்பு, 1,000இல் 20 அளவுதான். அதாவது 2 விழுக்காடு. பொருளை மட்டும் நம்பியிருந்தால் 20 சொற்களுக்கு நடுவே திண்டாடியிருப்போம்.

கட்டங்கள் தரும் செய்தி

மூன்றாவது சோதனையும் உண்டு. அதுதான் குறுக்கே வரும் சொல். ஓர் எழுத்து தெரிந்தால் எவ்வளவு செய்தி கிடைக்கிறது? இதை அளக்கும் கணிதத்தை 1948இல் அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன் வகுத்தார். அளவின் பெயர் 'பிட்'. ஆம் அல்லது இல்லை என்ற இரண்டு சமவாய்ப்புகளில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் 1 பிட். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் சம அளவில் வருமானால் ஓர் எழுத்துக்கு 4.7 பிட். தமிழின் 247 எழுத்துகளுக்கு ஏறத்தாழ 8 பிட். எல்லா எழுத்துகளும் சம அளவில் வருவதில்லையாதலால் உண்மை மதிப்பு இவற்றைவிடக் குறைவு. ஆயினும் உயிர்மெய் எழுத்து ஒரே கட்டத்தில் மெய்யையும் உயிரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. மூன்று கட்டச் சொல்லின் நடுவே 'வ்' வருக்கம் என்று மட்டும் தெரிந்தால் கவலை, தவளை, உவமை, சேவல், கவிதை, சிவிகை, செவிலி எனப் பல சொற்கள் வரிசையில் நிற்கும். 'வி' என்றே தெரிந்தால் கவிதை, சிவிகை, செவிலி போன்ற சிலவே மிஞ்சும். விடை காண்பவருக்கு இது வசதி. புதிர் அமைப்பவருக்கோ, இரு சொற்களும் சந்திக்கும் இடத்தில் அதே உயிர்மெய் அமைய வேண்டுமே என்ற சிரமம்.

'பு_க்கோ_டை' என்று எழுதினால் விட்டுப்போன எழுத்துகளை உடனே நிரப்பிவிடுவீர்கள். மொழியில் தேவைக்கு மேல் செய்தி இருப்பதே இதற்குக் காரணம். இதை மிகைமை எனலாம். மிகைமையே இல்லாத மொழியில் எந்த எழுத்துகளை அடுக்கினாலும் சொல்லாகிவிடும். புதிர் அமைப்பது மிக எளிது. மிகைமை மிகவும் கூடினால் பெரிய குறுக்கெழுத்தை அமைக்கவே முடியாது. 50 விழுக்காடு அளவில் இருந்தால் பெரிய கட்டங்கள் இயலும். 33 விழுக்காடு அளவில் இருந்தால் நீள, அகல, உயரம் கொண்ட முப்பரிமாணக் குறுக்கெழுத்தே இயலும் என்று ஷானன் அதே கட்டுரையில் கூறினார்.

நம் இலக்கணமும் இங்கே கைகொடுக்கிறது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் 22 வகை, இறுதியில் வருபவை 24 வகை என்று நன்னூல் வரையறுக்கிறது. கடைசிக் கட்டத்தில் புள்ளி எழுத்து என்று தெரிந்தால் க், ச், ட், த், ப், ற் ஆகிய ஆறையும் உடனே ஒதுக்கிவிடலாம். 'டிக்கெட்' போன்ற பிறமொழிச் சொற்கள் இதற்கு விலக்கு.

நீங்களும் தொடங்குங்கள்

குறிப்பு காட்டும் காட்சியில் மயங்காதீர்கள். தொடக்கத்திலோ முடிவிலோ பொருளைத் தேடுங்கள். 'தாறுமாறான', 'மறைத்த', 'வாலிழந்த' போன்ற அடையாளச் சொற்களைக் கண்டுபிடியுங்கள். கட்டங்களை எண்ணுங்கள். நண்பர்களுடன் சேர்ந்து செய்தால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். விடையைச் சொன்னவர் பொருளையும் வழியையும் தனித்தனியே நிறுவிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாதி மதிப்பெண்தான். "எனக்கு அப்படித் தோன்றியது" என்பது புதிரிலும் செல்லாது, ஆய்வுக்கூடத்திலும் செல்லாது.

உங்களுக்காக மூன்று குறிப்புகள்:

1. எட்டுக் கல் சேர்த்தால் விளக்கு (3)

2. முறை தவறிய தவம் கொலையில் முடியும் (3)

3. அப்பா தையற்கடைக்குள் கண்ட வழி (2)

விடைகளை அடுத்த இதழில் எதிர்பார்க்க வேண்டாம். சரியான விடையை நீங்கள் அடைந்ததும், அது சரி என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.