கம்பியும் கரியும்: மும்பையில் சுட்டுத் தின்னும் கலை

மலர்க் குழு அன்பர்கள் இந்த வருஷமும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் நீலகேசி, மேருமந்தர புராணம் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். "மும்பையில் கபாப் சுடுவதைப் பற்றி எழுதலாம்னு இருக்கேன்" என்று சொன்னதும் தொலைபேசியில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணாச்சி, நீங்க நயினார் ஆச்சே!" என்றார்கள்.

நயினார்தான். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஊன், கள், தேன் மூன்றும் நாக்கில் பட்டதில்லை. பொழுது சாய்ந்தபின் சாப்பாடும் இல்லை. ஆனால் 1981இல் தாதரில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து எனக்குச் சோறு போட்டது பாய்தோணிப் பக்கத்துப் பாத்திர வியாபாரம். அதில் பாதிக்கு மேல் ஓட்டல்களுக்குச் சாமான் கொடுப்பது. கபாப் கோக்கும் கம்பி, ரொட்டி எடுக்கும் கொக்கி, இடுக்கி, கரி அள்ளும் கரண்டி எல்லாம் நம் கடையிலிருந்து போனதுதான். சாமான் கொடுக்கப் போன இடத்தில் அடுப்படியில் நின்று நாற்பது வருஷமாகப் பார்த்ததை எழுதுகிறேன். ருசி பற்றிய சங்கதிக்கு வேறு ஆளைத்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் பெயர்கள். கம்பிக்கு இங்கே 'சீக்' என்பார்கள், பாரசீகச் சொல். கபாப் அரபு வழி வந்தது. தந்தூர் என்ற சொல்லின் வேர் பழைய மெசபடோமியாவின் அக்காடிய மொழிவரை போகிறது, அங்கே 'தினூரு'. பார்பெக்யூ என்பது கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் குச்சிகளால் கட்டிய பரணுக்கு வைத்திருந்த பெயரிலிருந்து ஸ்பானியர் வழியாக உலகம் சுற்றியது. நமக்கு மட்டும் சொல் இல்லையா என்றால், இருந்தது. 'காழ்' என்றால் விதை, மரத்தின் வயிரம், கூடவே கம்பியும்கூட. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குப் போடும் விருந்தில் காழில் கோத்துச் சுட்ட ஊன் வருகிறது. ஆக, கபாப் வடக்கத்தியான் சரக்கு என்று நம்மவர்கள் மூக்கைச் சுளிப்பதற்கு இலக்கிய ஆதாரம் இல்லை. சமணனாகிய நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

இனி கம்பி. கடைக்குப் புதிதாக வருகிறவர் "கபாப் கம்பி கொடுங்க" என்பார். எந்தக் கபாப் என்று கேட்பேன். கொத்துக்கறியைப் பிசைந்து விரலால் அழுத்திப் பூசும் சீக் கபாபுக்குத் தடிமனான சதுரக் கம்பி வேண்டும். உருண்டைக் கம்பி என்றால் திருப்பும்போது கம்பி மட்டும் சுற்றும், மாமிசம் அப்படியே நிற்கும். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சை. துண்டு துண்டாகக் கோக்கும் டிக்காவுக்கு மெல்லிய கம்பி போதும், பனீருக்கு இன்னும் மெல்லியது. தடிமனானால் பனீர் இரண்டாகப் பிளந்து தணலில் விழும். தந்தூருக்குள் நிறுத்தும் கம்பி நீளமாகவும், தலைப்பில் கொக்கியோடும் இருக்க வேண்டும்.

கரிச் சமையலின் மணம் கரியிலிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். நன்றாகப் பற்றிச் சாம்பல் பூத்த கரியில் புகை அதிகம் கிடையாது. அது கொடுப்பது சூடு. மேலே சுடுகிற பண்டத்திலிருந்து கொழுப்போ, நெய்யோ, மசாலாத் தயிரோ தணலில் சொட்டுகிறது பாருங்கள், அது ஆவியாகி மேலே எழும்பிப் பண்டத்தில் ஒட்டுவதுதான் அந்த மணத்தில் பெரும்பங்கு. இதற்குச் சாட்சி ராஜஸ்தானி வீடுகளில் இருக்கிறது. ஒரு துண்டுத் தணலைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, பருப்புச் சட்டிக்கு நடுவே மிதக்க விட்டு, தணல்மேல் ஒரு கரண்டி நெய் விட்டு டக்கென்று மூடிவிடுவார்கள். 'துங்கார்' என்று பெயர். ஐந்து நிமிஷத்தில் பருப்பு சுட்ட வாசனையாகிவிடும். மார்வாடி ஜைன வீட்டில்தான் முதலில் பார்த்தேன். ஊன் இல்லாமலே அந்த வாசனை வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இந்த ஊரில் சுட்ட உணவு தேடுகிறவர்கள் முதலில் கொலாபாவுக்குப் போவார்கள். தாஜ் ஓட்டலுக்குப் பின்புறம் 1946இல் முகமது யாசீன் தொடங்கிய 'படேமியா', நடைபாதை அடுப்பாக ஆரம்பித்தது. கார் பானட்டின்மேல் தட்டை வைத்துச் சாப்பிடும் வழக்கம் அங்கே பிரசித்தம். மேசை விரிப்பு, குளிர்சாதனம் என்று கொஞ்சம் கௌரவமாக உட்கார்ந்து தந்தூர் சாப்பிட 1972இல் வொர்லியில் 'காப்பர் சிம்னி' வந்தது. 2006இல் 'பார்பெக்யூ நேஷன்' தன் முதல் கடையை இந்த ஊரில்தான் திறந்தது. மேசை நடுவிலேயே தணல் தொட்டி, கம்பிகள் வந்துகொண்டே இருக்கும், போதும் என்றால் மேசையிலுள்ள சின்னக் கொடியை இறக்க வேண்டும். இந்தக் கொடி விவகாரம் குழந்தைகளுக்கு ஒரே குஷி. ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று இல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைத்தது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய யுக்தி. ஆசைப்பட்டு வருகிறவன் முதல் அரைமணியிலேயே அடங்கிவிடுவான்.

டிசம்பரில் மாஹிம் தர்கா திருவிழா. அங்கே சந்தன ஊர்வலத்தை மும்பை போலீஸ்காரர்கள் முன்னின்று நடத்துவார்கள், சுற்றிலும் அடுப்பும் புகையும்தான். ஆனால் என் கடைக்கு முக்கியமான மாதம் ரமலான். மினாரா மசூதியைச் சுற்றிய சந்துகளில் ஒரு மாதம் ராத்திரியே கிடையாது. கபாப், மண்கிண்ணத்தில் பிர்னி, பெரிய தட்டளவு மால்புவா. பிறை பிறப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே கம்பிக் கட்டுகளைச் சுமந்துகொண்டு பையன்கள் ஓடுவார்கள்.

அங்கே எனக்கு ஒரு வாடிக்கையாளர், கபாப் கடை பாய், என்னைவிட மூத்தவர். பழைய பாக்கி வசூலுக்குச் சாயங்காலம் போவேன். அவர்கள் நோன்பு திறக்கும் அதே நிமிஷம் எனக்கு வாயை மூடும் நேரம். அது தெரிந்து, பாய் ஐந்தரை மணிக்கே எனக்கு இரண்டு வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்து, "சேட், சூரியன் போறதுக்குள்ள சாப்பிடு" என்பார். தான் தண்ணீர்கூடக் குடிக்காமல் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார். முதல் வருஷம் கூச்சமாக இருந்தது. அப்புறம் அவருக்கும் எனக்கும் பழகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2015இல் பர்யூஷண நாட்களை ஒட்டி மும்பையில் இறைச்சி விற்கக் கூடாது என்று உத்தரவு வந்து, பெரிய ரகளையாகி, விற்பனைத் தடையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அந்த வாரம் பாய் கடைக்கு நான் போகவில்லை. முகத்தில் எப்படி முழிப்பது? விரதம் எடுத்துக்கொண்டவன் நான். அதற்கு அவர் அடுப்பை அணைப்பானேன் என்பதுதான் என் அபிப்பிராயம். என் சொந்தக்காரர்களிலேயே பலர் இதை ஒப்புவதில்லை, அதுவும் தெரியும்.

சரி, நம்மைப்போல் மரக்கறி சாப்பிடுகிறவர்கள் குடும்பத்தோடு இப்படிப்பட்ட இடத்துக்குப் போக நேர்ந்தால்? மகன் ஒருதரம் கூட்டிப்போனான், எனக்காகவே மதியம். கடைப் பெயர் வேண்டாம். 'ஜெயின் மெனு உண்டு' என்று பலகை வைத்திருந்தார்கள். வந்த அன்னாசித் துண்டு பளபளவென்றிருந்தது. கேட்டால், மேலே தேன் தடவியிருக்கிறது என்றார்கள்! பரிமாறும் பையன் கோழியைப் புரட்டிய இடுக்கியாலேயே பனீரையும் புரட்டினான். அவன்மேல் தப்பில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் போகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்: அடுப்பு தனியா, கம்பியும் இடுக்கியும் தனியா, மசாலாவில் இஞ்சி பூண்டு விழுது உண்டா, மேலே தேன் உண்டா, காளான் கலந்திருக்கிறதா. இஞ்சிக்குப் பதில் சுக்கு, பூண்டுக்குப் பதில் பெருங்காயம், உருளைக்குப் பதில் வாழைக்காய் என்று மும்பைச் சமையல்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். முன்னதாகச் சொன்னால் செய்து தருவார்கள். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் மரக்கறிக்கென்று போகும் கம்பிகளின் பிடியில் ஒரு முறுக்கு வைத்து அடிக்கச் சொன்னேன். இருட்டிலும் கையில் பிடித்தாலே தெரியும். நாலைந்து ஓட்டல்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

ஊன் இல்லாத நெருப்பும் இந்த ஊரில் ஏராளம். மழைக்காலத்தில் கடற்கரையோரம் சோளக் கதிரைக் கரியில் வாட்டி எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்துக் கொடுப்பார்கள். குஜராத்தி வீட்டில் தினமும் சுட்ட அப்பளம். 1959இல் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் இந்தப் பழக்கத்தில்தான் வளர்ந்தது. குளிர்காலத்தில் சூரத்திலிருந்து வரும் 'போங்க்', இளஞ்சோளத்தைச் சுட்டு உதிர்த்த பச்சை மணிகள். கத்தரியைச் சுட்டுப் பிசையும் பரித் (சில ஜைனர்கள் விதை மிகுதி என்று கத்தரியை ஒதுக்குவார்கள், எங்கள் வீட்டில் உண்டு).

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ராய்கட் மாவட்டத்துப் 'போப்டி'. அலிபாக் பக்கம், ஜனவரியில் அவரைக்காய் முற்றும் நேரம். மண்பானைக்குள் பாம்புர்டா என்னும் வாசனைச் செடியின் இலையைப் பரப்பி, அவரையை உப்பும் ஓமமும் போட்டு அடைத்து, வாயையும் அதே இலையால் மூடி, வயலிலேயே சருகு, சுள்ளி போட்டுக் கொளுத்துவார்கள். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. காயின் ஈரத்திலேயே வேகும். முட்டை, கோழி, கிழங்கும் போடுவது அவர்கள் வழக்கம். அதெல்லாம் இல்லாமல் எனக்கென்று ஒரு பானை கேட்டால், சிரித்துக்கொண்டே செய்து தருகிறார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் விறகு, கரி எரிக்கும் பேக்கரிகளை ஆறு மாதத்துக்குள் வேறு எரிபொருளுக்கு மாறச் சொன்னது. அதை ஒட்டி மாநகராட்சி கரித் தந்தூர் வைத்திருக்கும் ஓட்டல்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. மின்சாரத் தந்தூர், கேஸ் தந்தூர் என்று கடைக்கு விசாரணை குவிந்தது. முன்னே சொன்னபடி மணத்தில் பெரும்பங்கு சொட்டும் நெய்யில் என்பதால், சூடான தகட்டில் சொட்டினாலும் ஓரளவு வரும் என்று வாடிக்கையாளர்களுக்குத் தைரியம் சொன்னேன். பாய் நம்பவில்லை.

அப்போது கல்லூரியில் படிக்கும் என் பேத்தியிடம் ஒரு பழைய கதை சொன்னேன். பல வருஷம் முன்பு இராமநாதபுரத்துக்காரர் ஒருவர், சீமைக்கருவேலங்கரிக்கு மும்பையில் ஏஜென்சி எடுக்கச் சொல்லி வந்தார். நல்ல லாபம். நான் மறுத்தேன். ஹேமசந்திரரின் யோக சாஸ்திரத்தில் இல்லறத்தான் செய்யத் தகாத பதினைந்து பிழைப்புகளில் முதலாவது அங்கார ஜீவிகை, கரி சுட்டுப் பிழைப்பது. அவர் சுவேதாம்பரர், நாங்கள் திகம்பரர், இருந்தாலும் நல்ல சொல்லை எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்தானே. பெருமையோடுதான் சொன்னேன்.

பேத்தி யோசித்துவிட்டு, "கரி விக்கக் கூடாது, சரி. அது கோக்கற கம்பியை மட்டும் விக்கலாமா தாத்தா?" என்றாள்.

கம்பி கத்தியைப்போல ஒரு கருவிதான், பனீரும் கோக்கலாம் என்றேன். "சதுரக் கம்பியில பனீர் கோத்தா பிளந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். அதற்குமேல் என்னிடம் பேச்சில்லை. அந்த மாதத்திலிருந்து சதுரக் கம்பியில் வரும் லாபத்தை மட்டும் தனியாக எழுதி, புலேஷ்வரில் 1834 முதல் நடக்கிற பாஞ்சராபோலுக்கு, அங்குள்ள மாடுகளின் தீனிக்குக் கொடுத்து வருகிறேன். "அது கணக்கு தாத்தா, பதில் இல்லை" என்கிறாள் அவள். கம்பி விற்பதை நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் பாய் வேறு கடையில் வாங்குவார், அவ்வளவுதான் என்று மகன் சொல்கிறான். இருவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. கருவி விற்பவனைப் பற்றி நம் சிராவக நூல்களில் தெளிவான விதி எங்காவது படித்த அன்பர்கள் இருந்தால், விழா நாளில் என்னைத் தேடி வந்து சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுப் பந்தியில்தான் இருப்பேன்.