மருந்துச் சீட்டில் பெயரில்லாத பிள்ளை

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோரமாக அம்மாவை உட்காரவைத்து, பழைய சீட்டுகளும் மாத்திரை அட்டைகளும் இருக்கும் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, டிக்கெட்டும் எடுத்து, டாக்டர் கேட்பதற்குப் பதிலும் சொல்லும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். “ராத்திரி தூங்குறாங்களா? மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா? தனியா பேசுறாங்களா?” எல்லாக் கேள்வியும் அம்மாவைப் பற்றியது. “நீ தூங்குறியா கண்ணு?” என்று அந்தப் பிள்ளையிடம் கேட்பது யார் வேலை என்று நம் மருத்துவமனைகளில் யாரும் வகுத்துவைக்கவில்லை.

கேரளத்தின் இடுக்கி மலையில் இருக்கும் மறையூர் போன்ற ஊர்களில் இந்தப் பயணம் இன்னும் நீளம். கேரள அரசின் பெரிய மனநல மையங்கள் மூன்று: திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு. மூன்றும் இடுக்கிக்கு வெளியே. மூணாறு நாற்பது கிலோமீட்டர் மலையேற்றம். எதிர்ப்பக்கம் சின்னாறு காட்டைத் தாண்டினால்தான் தமிழ்நாட்டு உடுமலை. மாவட்ட மனநலத் திட்டக் குழு மாதத்தில் குறித்த நாளில் நடத்தும் முகாம்தான் மலையில் இருக்கும் பலருக்குக் கைக்கெட்டுகிற வைத்தியம். அந்த ஒரு நாள் தவறினால் மாத்திரை தீர்ந்துபோகும். அப்பா ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்பது எளிது. கரும்புக் காட்டிலும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் நின்றால் அந்த நாள் கூலி போச்சு. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் விடுப்பு எடுப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதனால் பிள்ளை போகிறது. மறையூரைச் சுற்றிய அஞ்சுநாட்டு வீடுகளில் பேச்சு தமிழ், சீட்டு எழுதுகிறவருக்கோ பெரும்பாலும் மலையாளம். அம்மாவின் காதில் விழும் குரல்களைப் பற்றிக்கூட அந்தப் பிள்ளைதான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மனச்சிதைவு என்று டாக்டர் எழுதுவதை வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. “நரம்புக்குப் பாக்குறோம்” என்பார்கள். அதற்கு முன் காத்துக் கருப்பு என்று மந்திரித்திருப்பார்கள், குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கவைத்திருப்பார்கள், ஏர்வாடி தர்கா வரை போய்வந்திருப்பார்கள். அந்த ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன்பின் சங்கிலியைப் பற்றி நாடு பேசியது, நீதிமன்றம் பேசியது. இறந்தவர்களில் யாருக்கெல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள் என்ற பேச்சு அன்றும் பெரிதாக எழவில்லை.

வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரிவதில்லை. குழம்பில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று அம்மா தட்டைத் தள்ளிவிடுவார். பிள்ளை முதல் வாய் எடுத்துத் தின்றுகாட்டும். ‘பாரு, எனக்கு ஒண்ணும் ஆகல’ என்று வாயைத் திறந்துகாட்டி, அப்புறம் ஊட்டும். ராத்திரி மாத்திரையின் மயக்கம் காலை பத்து மணி வரை தெளியாது என்பதால், தானே எழுந்து தண்ணீர் பிடித்து, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு ஓடும். ஜன்னலைச் சாத்தத் தொடங்குவது, அடுப்படியில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவது, ரெண்டு ராத்திரி தூங்காமல் நடப்பது என்று நோய் திரும்புவதன் அடையாளங்கள் டாக்டருக்கு முன்பே பிள்ளைக்குத் தெரியும். தெளிந்த நாட்களும் உண்டு. அன்றைக்கு அதே அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துச் சடைபின்னி, பக்கத்தில் உட்கார்ந்து கணக்கும் சொல்லிக்கொடுப்பார். அந்த நாட்கள் இருப்பதால்தான் மற்ற நாட்கள் அவ்வளவு வலிக்கின்றன என்று நினைக்கிறேன்.

இப்படி வளர்ந்தவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பேசியவர்களில் ஒருவர் அமன்தீப் சந்து. ரூர்கேலா இரும்பாலை ஊரில் மனச்சிதைவுள்ள தாயோடு வளர்ந்த சிறுவனின் கதையை ‘செபியா லீவ்ஸ்’ என்று 2008-ல் எழுதினார். ஜெர்ரி பிண்டோவின் ‘எம் அண்ட் த பிக் ஹூம்’ 2012-ல் வந்தது. மும்பை மாஹிமின் சின்ன வீட்டில் இருமுனைக் கோளாறுள்ள அம்மாவோடு வாழும் குடும்பம். அதற்கு 2016-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. இரண்டு பேருமே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பிண்டோவின் அம்மா பாத்திரம் சிரிக்கச்சிரிக்கப் பேசுகிறவள். அவள்மேல் நமக்கும் பிரியம் வந்துவிடுகிறது.

இந்தப் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத கேள்விகள் இரண்டு. நான் சேட்டை பண்ணியதால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனதா? எனக்கும் இது வருமா? முதல் கேள்விக்கு ஒரே பதில்தான்: இல்லை. எந்தப் பிள்ளையின் சேட்டையும் மனச்சிதைவைக் கொண்டுவராது. இரண்டாவதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளம். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும் நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வரலாம். ஒன்பது பேருக்கு வராது. இதைச் சொல்ல ஆளில்லாததால், பரீட்சைக்கு முந்தைய ராத்திரி தூக்கம் வராவிட்டால்கூட, தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று பயந்து விடியும்வரை முழித்துக் கிடக்கிறது பிள்ளை.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம். மருத்துவமனையில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சிசுவையும் ஒன்றாகவே சேர்த்துப் பார்க்க 2009 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. மூன்று வயது தாண்டிய பிள்ளை? அம்மா உள்ளே இருக்கும் நாட்களில் அது எங்கே தூங்குகிறது, யார் சோறு போடுகிறார்கள் என்று விசாரிக்கும் கடமையை யார்மேலும் சட்டம் சுமத்தவில்லை. நார்வேயில் 2010 முதல் சுமத்தியிருக்கிறார்கள். நோயாளிக்கு மைனர் பிள்ளைகள் உண்டா என்று கேட்பதும், அவர்களுக்குத் தேவையான விளக்கம் கிடைக்க வழிசெய்வதும் அங்கே மருத்துவ ஊழியரின் சட்டப்படியான கடமை.

இங்கும் அதைச் செய்யப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். சீட்டில் ஒரு வரி, கேட்க ஒரு ஆள். வீடுவீடாகப் போகும் ஆஷா பணியாளருக்கு எந்த வீட்டில் யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரியும். அடிக்கடி லீவு போடும் பிள்ளை யாரென்று வகுப்பு டீச்சருக்குத் தெரியும். இந்த இரண்டு பேரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினாலே பாதி வேலை முடிந்தது. 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலிமானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அதைப் பள்ளிச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும்.

இன்னொன்று அந்த அம்மாக்களே செய்யக்கூடியது. நோய் முற்றினால் தனக்கு எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று தெளிவாக இருக்கும் நாளிலேயே எழுதிவைக்கும் உரிமையை நம் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. எழுத உட்காரும் நாளில், கூடவே இன்னொரு தாளும் எடுத்துக்கொள்ளலாம். தான் கதவைத் தாழிட்டுக்கொண்டால் பிள்ளை யார் வீட்டுக்கு ஓட வேண்டும், அன்றைக்கு ராத்திரி எங்கே படுக்க வேண்டும், அடுத்த நாள் பள்ளிக்கு யார் அனுப்ப வேண்டும் என்பதை அம்மாவே முடிவுசெய்து, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம்.